400 வெள்ளிப் பற்றுச்சீட்டும் ஐந்து டிக் ஏர்கானும்: பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுவது

ஈசூனில் உள்ள எங்கள் நாலறை வீட்டில் 2011ஆம் ஆண்டு பொருத்திய ஏர்கான், 2025ஆம் ஆண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குளிர்ச்சியை நிறுத்திவிட்டு வெறுங்காற்றை மட்டும் வீசத் தொடங்கியது. பார்க்க வந்தவர் கம்ப்ரசர் போய்விட்டது என்றும், பதினான்கு ஆண்டுப் பழைய இயந்திரத்துக்கு அந்தச் செலவைச் செய்வதில் பொருளில்லை என்றும் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்த பருவநிலைப் பற்றுச்சீட்டு, அதாவது மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொருள்களை வாங்க அரசாங்கம் தரும் சலுகைச் சீட்டு, அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சலுகையைக் கோரியது, கடையில் செலவழித்தது, இயந்திரத்தைப் பொருத்தியது, ஆறு மாத மின்கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்தது ஆகியவற்றின் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஏர்கானின் வணிகப் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. நான் மதிப்பிடுவது சிங்கப்பூர் அரசாங்கம் தரும் சலுகையைத்தான்.

திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவநிலைக்கு உகந்த குடும்பங்கள் திட்டம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியபோது ஓரறை முதல் மூவறை வரையிலான வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. குளிர்பதனப் பெட்டி, எல்இடி விளக்கு, குளியல் நீர்த்தெளிப்பான் ஆகியவற்றுக்கெனத் தனித்தனிச் சீட்டுகளாக மொத்தம் 225 வெள்ளி வழங்கப்பட்டது. அப்போது ஏர்கானுக்கு அதில் இடமில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி திட்டம் விரிவாக்கப்பட்டு, எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டபோதுதான் மின்சிக்கனத்தில் மிக உயர்ந்த மதிப்பீடான ஐந்து டிக் பெற்ற ஏர்கானும் பட்டியலில் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வீவக குடும்பங்களுக்கு மேலும் 100 வெள்ளி கிடைத்தது. தனியார் வீடுகளில் வசிக்கும் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி என்று முடிவாயிற்று. 2027ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி வரை பற்றுச்சீட்டு செல்லுபடியாகும்.

கோரும் முறையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. வீட்டில் சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு உள்ள ஒருவர் உள்நுழைந்து முகவரியை உறுதிப்படுத்தினால், சிறிது நேரத்தில் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வருகிறது. சமூக மேம்பாட்டு மன்றங்கள் வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டுகளைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க எதுவுமில்லை. கடையில் தொகையைத் தேர்ந்தெடுத்து, திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் காசாளர் வருடிக்கொள்கிறார். ரசீதை அனுப்பிவிட்டுப் பணம் திரும்பி வருவதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் இங்கே இல்லை. கழிவு கடையிலேயே, பணம் செலுத்தும் நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. கையில் ரொக்கம் குறைவாக உள்ள குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முழுத்தொகையையும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு ஒரு பகுதியைப் பெறும் சலுகையை, முழுத்தொகையைக் கட்ட முடிந்தவர்கள் மட்டுமே அனுபவிக்க முடியும்.

குறுஞ்செய்தியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவைப்படுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 'கவ்.எஸ்ஜி' என்ற ஒரே அனுப்புநர் பெயரில் வருகின்றன. வேறு பெயரிலோ வெறும் எண்ணிலோ வந்து வங்கி விவரத்தைக் கேட்கும் செய்தி எதுவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். பருவநிலைப் பற்றுச்சீட்டைப் பெற வங்கிக் கணக்கு எண்ணுக்கு வேலையே இல்லை.

இனி டிக் விவகாரத்துக்கு வருகிறேன். சலுகையின் பயனும் அதில் ஏமாறக்கூடிய இடமும் இதில்தான் இருக்கின்றன. ஏர்கான்களுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் மின்சிக்கன ஒட்டுச்சீட்டு 2008ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு டிக் குறைந்த சிக்கனம், ஐந்து டிக் மிகுந்த சிக்கனம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த எண் எப்படி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை ஏர்கானை முழுத் திறனிலும் பாதித் திறனிலும் சோதித்து, ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பத்தை அது வெளியேற்றுகிறது என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு முடிவுகளையும் சேர்க்கும்போது முழுத் திறனுக்கு 0.4 என்றும் பாதித் திறனுக்கு 0.6 என்றும் எடை கொடுக்கிறார்கள். அறை குளிர்ந்த பிறகு நல்ல இன்வெர்ட்டர் பெரும்பாலான நேரம் மெதுவாகத்தான் ஓடும் என்பதால் இந்தக் கணக்கு நியாயமானதே. ஆனால் அறைக்கும் இயந்திரத்துக்கும் அளவு பொருந்தாமல் போனால், ஒட்டுச்சீட்டில் உள்ள ஐந்து டிக் உங்கள் வீட்டுச் சுவரில் ஐந்து டிக்காக வேலை செய்யாது.

இரண்டாவது நுணுக்கம், ஒரு வெளிப்பெட்டியோடு மூன்று உள்பெட்டிகளை இணைக்கும், இங்கே 'சிஸ்டம் 3' என்று அழைக்கப்படும் வகையைப் பற்றியது. வீவக வீடுகளில் பெரும்பாலும் வாங்கப்படுவது இந்த வகையே. இதில் டிக் எண்ணிக்கை வெளிப்பெட்டிக்கு மட்டும் உரியதாகாமல், வெளிப்பெட்டியும் உள்பெட்டிகளும் சேர்ந்த தொகுதிக்கு உரியதாகப் பதிவாகிறது. நாங்கள் சென்ற முதல் கடையில் விற்பனையாளர் ஒரு வெளிப்பெட்டியைக் காட்டி "இது ஐந்து டிக்" என்றார். நாங்கள் கேட்ட உள்பெட்டி அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு டிக் குறைகிறது என்பது, தேசியச் சுற்றுப்புற அமைப்பின் பதிவேட்டை என் கணவர் கைப்பேசியில் திறந்து மாதிரி எண்களைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தொகுதிக்குப் பற்றுச்சீட்டும் செல்லாது. விற்பனையாளர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆயினும் மாதிரி எண்களைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

அதே கடையில் இன்னொன்றும் நடந்தது. விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருந்தது, பற்றுச்சீட்டைக் கழித்த பிறகான விலை. கழிக்காத விலை எங்கே என்று கேட்டபோது, பக்கத்துக் கடையில் அதே தொகுதிக்குக் கேட்ட விலையைக் காட்டிலும் 180 வெள்ளி கூடுதலாக இருந்தது. பற்றுச்சீட்டு வாடிக்கையாளருக்காகத் தரப்படுவது. அதில் பாதியை விலையேற்றத்தின் வழியாகக் கடை எடுத்துக்கொண்டால் திட்டத்தின் நோக்கமே சிதைகிறது. எனவே பற்றுச்சீட்டு இருப்பதைச் சொல்லாமல் முதலில் விலை கேளுங்கள். குறைந்தது மூன்று கடைகளிலாவது கேளுங்கள்.

நாங்கள் இறுதியில் வாங்கிய கடையில், நான்கு டிக் தொகுதிக்கும் ஐந்து டிக் தொகுதிக்கும் இடையே 280 வெள்ளி வேறுபாடு இருந்தது. ஐந்து டிக் தொகுதி, பொருத்தும் கூலியும் சேர்த்து 3,480 வெள்ளி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பற்றுச்சீட்டின் உண்மையான பணி எனக்குத் தெளிவாகப் புரிந்தது. 3,480 வெள்ளிச் செலவில் 400 வெள்ளி என்பது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதை நம்பி ஏர்கான் வாங்க முடியாத ஒருவர் வாங்கிவிட முடியாது. ஆனால் எப்படியும் வாங்கியாக வேண்டிய நிலையில் நிற்கும் ஒருவர் நான்கு டிக்கில் நின்றுவிடாமல் ஐந்து டிக்குக்குப் போவதற்கான கூடுதல் விலையை அது முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறது. ஒட்டுச்சீட்டுகளில் அச்சிட்டிருந்த ஆண்டு மின்செலவு மதிப்பீடுகளுக்கிடையே ஏறத்தாழ 90 வெள்ளி வேறுபாடு இருந்தது. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அந்த 280 வெள்ளியை மீட்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும், அந்தக் காத்திருப்பு வேண்டாமென்று பலர் மலிவானதையே எடுத்திருப்பார்கள். இந்த வகையில் தொகை சரியாக அளந்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே கருதுகிறேன்.

இதிலிருந்தே இன்னொன்றும் பின்தொடர்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏர்கானைப் பற்றுச்சீட்டுக்காகக் கழற்றி எறிவது நட்டம். 2027ஆம் ஆண்டு இறுதிவரை காலம் இருக்கிறது. உங்கள் இயந்திரம் ஏழெட்டு ஆண்டுப் பழையது என்றால், பற்றுச்சீட்டைக் கோரி வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

அளவைப் பற்றி மேலே சொன்னதற்குத் திரும்புகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் மின்சாரம் மிச்சமானதற்கு டிக்கைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். முதலிரு கடைகளிலும் இரண்டு படுக்கையறைகளுக்குத் தலா 12,000 பிடியு (குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு), கூடத்துக்கு 24,000 பிடியு என்று பரிந்துரைத்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த பொருத்துநர் புதுக்கோட்டைக்காரர், பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இதே தொழில் செய்பவர். அறைகளை அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ரூமுக்கு ஒன்பதாயிரமே தாராளம். பெருசா போட்டா சட்டுனு குளிர்ந்து நின்னுடும், ஈரம் போகாது, ராத்திரி பிசுபிசுன்னு இருக்கும்" என்றார். அவர் சொன்னது அனுபவம் மட்டுமல்ல, அறிவியலும்கூட. சிங்கப்பூர் வீட்டில் ஏர்கானின் வேலையில் ஒரு முக்கியப் பகுதி, காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்ந்த சுருள்களில் படியவைத்து வடிகுழாய் வழியாக வெளியேற்றுவது. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் வெப்பநிலையை விரைவில் எட்டிவிட்டு அடிக்கடி நின்று நின்று ஓடும்போது, ஈரம் சரியாக வெளியேறாமல் தங்கிவிடுகிறது. அறை 25 டிகிரியில் இருந்தாலும் புழுக்கம் தீராததால் நாம் 22க்குக் குறைக்கிறோம், கட்டணம் ஏறுகிறது. படுக்கையறைகளுக்கு 9,000 பிடியு, அதாவது ஏறத்தாழ 2.6 கிலோவாட், கூடத்துக்கு 18,000 பிடியு என்று முடிவு செய்தோம். விலையும் குறைந்தது.

பொருத்தும் வேலையில் பற்றுச்சீட்டுத் திட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. என் முதன்மையான குறை இதுதான். கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்ற பொருத்துநரைத்தான் வீவக வீடுகளில் அமர்த்த வேண்டும் என்ற விதி உண்டு. நாங்களும் அப்படிப்பட்டவரையே அமர்த்தினோம். ஆனால் எங்களுக்கு ஆறு மாதம் முன்னால் இதே பற்றுச்சீட்டைக் கொண்டு ஐந்து டிக் ஏர்கான் வாங்கிய என் தங்கையின் வீட்டில், செப்புக் குழாயைச் சுற்றியிருந்த காப்புறை மெல்லியதாக இருந்ததால், குழாய்ப் பெட்டியின் மேல் நீர்த்துளிகள் கூடி அலமாரி முழுவதும் பூஞ்சை பிடித்துவிட்டது. குழாயில் காற்றையும் ஈரத்தையும் வெற்றிட எக்கியால் முழுவதும் வெளியேற்றாமல் வாயுவைத் திறந்துவிட்டதாக, பிறகு வந்து பார்த்தவர் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட இயந்திரம் ஐந்து டிக் ஒட்டுச்சீட்டோடு மூன்று டிக்குக்குரிய மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். பொருளின் தரத்தை இவ்வளவு கண்டிப்பாகச் சரிபார்க்கும் ஒரு திட்டம், அந்தப் பொருள் சுவரில் எப்படி ஏறுகிறது என்பதையும் சிறிது கவனிக்க வேண்டும். பற்றுச்சீட்டை வருடும் கடை, வெற்றிடச் சோதனை செய்ததற்கான ஒரு பக்கச் சான்றை வாடிக்கையாளரிடம் கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தவிர்க்கப்படும். அதுவரை நீங்களே கேளுங்கள்: குழாயின் கனம் என்ன, காப்புறை அரை அங்குலமா, எத்தனை நிமிடம் வெற்றிட எக்கி ஓடும். கேட்பவர் வீட்டில் வேலை கவனமாகவே நடக்கும்.

பழைய அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் மின்சார இணைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதான விசை 30 ஆம்பியராக இருந்தால் 40 ஆம்பியருக்கு உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் தேவை. அந்தச் செலவும் உங்களுடையதே.

பழைய ஏர்கானை அப்புறப்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவுச் சட்டத்தின்படி, புதிய ஏர்கானைக் கொண்டுவந்து தரும் கடை பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துச் செல்வதற்குத்தான் கட்டணம் இல்லை. சுவரிலிருந்து கழற்றுவதற்கு எங்களிடம் தனியாக 150 வெள்ளி வாங்கினார்கள். பழைய வாயுவை உருளையில் சேகரித்து எடுத்துச் செல்கிறார்களா என்று நின்று பார்த்தேன், அப்படித்தான் செய்தார்கள். எங்கள் பழைய இயந்திரத்தில் இருந்தது ஆர்410ஏ என்ற குளிரூட்டும் வாயு. அது காற்றில் கலந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கும். புதியதில் உள்ள ஆர்32க்கு அந்த மதிப்பு 675. இந்த மதிப்பு 750க்கு மேல் போகும் வாயுவைக் கொண்ட வீட்டு ஏர்கான்களின் விநியோகத்துக்கு 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இங்கே தடை இருக்கிறது. பருவநிலையின் பெயரால் ஒரு சலுகையைப் பெற்று, கழற்றும் அன்று பழைய வாயுவை வெளியே திறந்துவிட்டால், சேமித்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பற்றுச்சீட்டை ஒரே பொருளுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. எங்களுடைய 400 வெள்ளியில் 300 வெள்ளியை ஏர்கானுக்கும், மீதியைக் கூடத்தில் மாட்டிய நேர்மின்னோட்ட (டிசி) மின்விசிறிக்கும் பயன்படுத்தினோம். பழைய விசிறி 70 வாட்டுக்கு ஓடியது, புதியது 30 வாட்டை ஒட்டி ஓடுகிறது. எண்ணாகப் பார்த்தால் சிறிய சேமிப்புதான். ஆனால் அந்த விசிறி வந்த பிறகு என் மாமியார் பகலில் கூடத்து ஏர்கானைப் போடுவதையே விட்டுவிட்டார், இரவில் பிள்ளைகளும் ஏர்கானை 23 டிகிரியிலிருந்து 26 டிகிரிக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் ஏர்கானே இல்லாதவர்களும், ஏர்கான் புதிதாக இருப்பவர்களும் பற்றுச்சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்த விசிறியைத்தான்.

இப்போது மின்கட்டணம். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை எங்கள் சராசரி மாதப் பயன்பாடு 512 கிலோவாட் மணி. 2025ஆம் ஆண்டு அதே ஆறு மாதங்களில் 421. மாதம் 91 கிலோவாட் மணி குறைந்திருக்கிறது, பொருள் சேவை வரியோடு ஏறத்தாழ 30 காசு வீதம் கணக்கிட்டால் மாதம் 27 வெள்ளி. இந்த எண்ணை அப்படியே டிக்கின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. சிங்கப்பூரில் பதிவான மிக வெப்பமான ஆண்டுகளில் 2024ஆம் ஆண்டும் ஒன்று, அந்த ஆண்டு எல்லார் வீட்டிலும் ஏர்கான் கூடுதலாகவே ஓடியிருக்கும். எங்கள் பழைய இயந்திரம் மூப்பால் தள்ளாடியதும், விசிறி வந்ததும், அளவைச் சரியாக எடுத்ததும் சேர்ந்துதான் இந்தக் குறைவு வந்திருக்கிறது. எப்படிப் பிரித்தாலும் ஆண்டுக்கு 300 வெள்ளியை ஒட்டிய சேமிப்பு எங்கள் வீட்டுக்குப் பொருட்படுத்தத்தக்க தொகை. இந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கரிம வரி 2024ஆம் ஆண்டு டன்னுக்கு 25 வெள்ளியாகவும் 2026ஆம் ஆண்டு 45 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. அந்த வரியின் ஒரு பகுதி நம் கட்டணச்சீட்டிலும் வந்து சேர்கிறது. எனவே குறைக்கும் ஒவ்வொரு கிலோவாட் மணியின் மதிப்பும் வரும் ஆண்டுகளில் கூடத்தான் செய்யும்.

எனக்கு மனம் ஒப்பாத ஒன்றையும் எழுதியாக வேண்டும். 2020ஆம் ஆண்டில் சிறிய வீடுகளுக்கென்று தொடங்கிய திட்டம், இன்று தரைவீட்டில் ஐந்து ஏர்கான் ஓட்டும் குடும்பத்துக்கும் ஓரறை வாடகை வீட்டில் ஒரு விசிறியோடு வாழும் முதியவருக்கும் ஒரே 400 வெள்ளியைத் தருகிறது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டால்தான் நாட்டின் மொத்தப் பயன்பாடு குறையும் என்ற வாதத்தை நான் ஏற்கிறேன், மின்சாரத்தை மிகுதியாகச் செலவழிப்பவரை விட்டுவிட்டுக் குறைவாகச் செலவழிப்பவரிடம் மட்டும் சிக்கனம் பேச முடியாது. ஆனாலும் சிறிய வீடுகளுக்குத் தொகையைக் கூட்டியிருக்கலாம். 400 வெள்ளியில் நல்ல குளிர்பதனப் பெட்டி ஒன்றை முழுவதுமாக வாங்கிவிட முடியாத நிலையில், மிச்சத்தை யார் தருவது என்ற கேள்வி அங்கேதான் உண்மையில் எழுகிறது.

எங்கள் மாடியிலேயே, மின்தூக்கிக்கு எதிரில் தனியாக வசிக்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் ஏர்கான் இல்லை, தமக்கு உரிய பற்றுச்சீட்டு ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரியாது. என் மகள் ஒரு மாலை அவருடன் உட்கார்ந்து அவருடைய சிங்பாஸ் வழியாகக் கோரிக் கொடுத்தாள். இரண்டு எல்இடி விளக்குகளும் ஒரு நேர்மின்னோட்ட விசிறியும் வாங்கியிருக்கிறார். குளிர்பதனப் பெட்டி இன்னும் ஓடுகிறது, நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மீதித் தொகையை அப்படியே வைத்திருக்கிறார்.